சாவைப் பற்றிப் பேசிய ஊர்கள்: ஏதென்ஸிலிருந்து நிகோபொலிஸ் வரை

வியாழன், ஏதென்ஸ்

நேற்று நள்ளிரவில் வந்து சேர்ந்தோம். இன்று காலை அக்ரோபொலிஸ் பக்கமே திரும்பாமல் நானும் அக்காவும் நேராகப் பழைய அகோராவுக்குப் போனோம், அதாவது பழைய ஏதென்ஸின் சந்தை மைதானம், கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் கோவில்களும் அதைச் சுற்றித்தான் இருந்தன. இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம்தான். சாவு, மன அடக்கம், நிம்மதி என்று பேசிப் பேசியே வாழ்ந்த மனிதர்கள் எந்த மண்ணில் நின்று பேசினார்களோ அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் நான் இவர்களைப் படிக்க ஆரம்பித்தேன். அக்கா படிக்கவில்லை, ஆனால் அவள் நர்ஸாக இருந்தவள், வேலையின் கடைசிப் பகுதி முழுக்கப் புற்றுநோய் வார்டு. "நீ படிச்சதைச் சொல்லு, நான் பார்த்ததோட ஒத்துவருதான்னு நான் சொல்றேன்" என்பதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

அகோராவின் வடக்குப் பக்கத்தை பிரேயஸ் மின்சார ரயில் வெட்டிக்கொண்டு போகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், இன்றைய தெருமட்டத்துக்கு நன்றாகக் கீழே, சில கல் அடித்தளங்கள் தெரிகின்றன. 1970இல் கண்டுபிடித்த ராஜ மண்டபம் அதுதான். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மேல் வந்த புகாருக்கு அவர் பதில் சொல்ல வந்த இடம். தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று வழக்கு. சுமார் ஐந்நூறு பேர் ஜூரி. முப்பது ஓட்டு இடம் மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

அந்த ஜூரி முன்னால் அவர் சொன்னதை நான் அக்காவுக்கு அங்கேயே நின்று சொன்னேன். சாவுக்குப் பயப்படுவது என்றால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வது. அது மனிதனுக்கு வாய்க்கிற பெரிய நன்மையாகக்கூட இருக்கலாம், யாருக்கும் தெரியாது, ஆனால் பெரிய கேடு என்று நிச்சயமாகத் தெரிந்த மாதிரி எல்லோரும் நடுங்குகிறார்கள். தண்டனை முடிவான பிறகு இன்னும் விளக்கமாகப் பேசினார்: ஒன்று, அது கனவே இல்லாத தூக்கம், அப்படித் தூங்கிய ஒரு ராத்திரியைவிட நல்ல நாள் நம் வாழ்க்கையில் எத்தனை இருந்திருக்கிறது? இல்லையென்றால் வேறொரு இடத்துக்குப் போவது, அங்கே ஹோமரிடம் பேசலாம், கேள்வி கேட்டதற்காக அங்கே யாரும் கொல்லப்போவதில்லை.

தீர்ப்பு வந்ததும் உடனே கொன்றுவிடவில்லை. டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை ஊரில் மரண தண்டனை கூடாது என்று விதி, அதனால் ஒரு மாதம் போலச் சிறையில் காத்திருந்தார். தப்பிக்க ஏற்பாடு செய்துவிட்டு அவருடைய நண்பர் க்ரிட்டோ விடியும் முன்பே வருகிறார். வந்தவர் எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஏனென்றால் சாக்ரடீஸ் அவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்கு வாதங்கள் எல்லாவற்றையும்விட அந்தத் தூக்கம்தான் பெரிய சாட்சி.

"அப்படித் தூங்குறவங்களை நான் பார்த்திருக்கேன்டா" என்றாள் அக்கா. "ரொம்பக் கொஞ்சம் பேர். தைரியசாலிங்கன்னு இல்ல. கொடுக்கல் வாங்கல் எல்லாம் தீர்த்தவங்க."

அகோராவின் தென்மேற்கு மூலை தாண்டி ஒரு கட்டடத்தின் அடித்தளம் இருக்கிறது, நடுவில் நடை, இரு பக்கமும் சிறு அறைகள், கோடியில் முற்றம். ஒரு அறையில் குளிக்கிற தொட்டி. அங்கே தோண்டும்போது கைக்குள் அடங்குகிற மண் குப்பிகள் 13 கிடைத்தன, சாக்ரடீஸின் உருவமாகத் தெரிகிற சிறு சிலை ஒன்றும் கிடைத்தது. இதுதான் சிறை என்று ஒரு சாராரும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். குப்பிகள் அட்டாலோஸ் மண்டப மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அக்கா அந்தக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். விஷம் குடித்த பிறகு கால் மரத்து, குளிர் மேலே மேலே ஏறி, கடைசிவரை பேச்சும் நினைவும் தெளிவாக இருந்ததாக பிளேட்டோவின் வர்ணனை. ஹெம்லாக் செடியின் விஷம் தசைகளை முடக்கும், மூச்சுத் தசை நிற்கும்போது ஆள் போய்விடுவார், அதுவரை அறிவு மங்காது, ஒத்துவருகிறது என்றாள். கடைசிப் பேச்சு, "க்ரிட்டோ, அஸ்கிளேபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு." அஸ்கிளேபியஸ் அவர்களுடைய வைத்தியத் தெய்வம். கொடுக்கல் வாங்கல்!

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. அழுத மனைவியை முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார், நண்பர்கள் அழுததும் "இதற்குத்தானே பெண்களை அனுப்பினேன்" என்று கண்டிக்கிறார். மூன்று பிள்ளைகள், அதில் இரண்டு சின்னக் குழந்தைகள். "அவர் நிம்மதியாப் போயிட்டார், சரி. வீட்டுக்கு அனுப்பின பொம்பளையோட நிம்மதிக்கு யார் வழி சொன்னா?" இதற்கு என்னிடம் இன்றைக்குப் பதில் இல்லை.

வெள்ளி, கெராமிகோஸ்

பழைய நகர மதிலுக்கு வெளியே இருந்த இடுகாடு இது. எரிடானோஸ் ஓடை இன்றும் ஓடுகிறது, புல்லுக்குள் ஆமைகள் நடமாடுகின்றன, கூட்டமே இல்லை. ஏதென்ஸில் ஒரே ஒரு இடம் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

டெக்ஸிலேயோஸ் என்ற குதிரைப்படை வீரனின் கல் நடைபாதைக்கு மேலே நிற்கிறது, வெளியே இருப்பது நகல், அசல் மியூசியத்துக்குள். கி.மு. 394இல் கொரிந்து போரில் செத்தபோது வயது இருபது. பிறந்த ஆண்டையும் செத்த ஆண்டையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

அக்காவை நிறுத்தியது வேறொரு கல். ஆம்ஃபரேட்டே என்ற பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை, இன்னொரு கையில் குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட ஒரு சின்னப் பறவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மேலே எழுதியிருப்பதன் சாரம்: என் மகளின் செல்லக் குழந்தையை வைத்திருக்கிறேன், நாங்கள் உயிரோடு சூரிய ஒளியைப் பார்த்தபோது மடியில் வைத்திருந்தேன், இப்போது செத்துப்போன குழந்தையைச் செத்துப்போன நானே வைத்திருக்கிறேன். பாட்டியும் பேரப்பிள்ளையும் போய், மகள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். கல் வைத்தது யாரென்று எழுதவில்லை, ஆனாலும் அந்த மகளை நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை.

இந்த இடுகாட்டின் ஓரத்தில்தான், 1990களின் நடுவில் மெட்ரோ வேலைக்குத் தோண்டியபோது, அவசரம் அவசரமாகப் போட்டு மூடிய ஒரு பெரிய பிணக்குழி கிடைத்தது. கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோய்க் காலத்தது என்று கணித்தார்கள். அந்த நோய் வந்து பிழைத்தவரான வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அதைப் பற்றி எழுதியதில் என்னை உலுக்கியது நோய்க்குறிகள் இல்லை, அதற்கு அடுத்து வருகிற பகுதி. காலையில் இருந்தவன் மாலையில் இல்லை, அவன் சொத்து எவனோ ஒருவனுக்குப் போகிறது என்று பார்த்த ஜனங்கள் கட்டுப்பாட்டை எல்லாம் விட்டார்கள். உடம்பும் பணமும் ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்து, கிடைத்த சுகத்தைக் கிடைத்த வேகத்தில் அனுபவித்தார்கள். தெய்வ பயமோ சட்ட பயமோ யாரையும் தடுக்கவில்லை. சாவு பயமும் மன அடக்கமும் ஏன் கிரேக்கர்களுக்கு ஒரே கேள்வியாக இருந்தது என்று எனக்கு இந்த இடத்தில் புரிந்தது. பயம் மேலே ஏறினால் அடக்கம் இடிந்து விழும் என்பதை அவர்கள் ஒரு நகரம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். சாக்ரடீஸ் அப்போது நாற்பது வயதை ஒட்டியவர், இந்தத் தெருக்களில்தான் இருந்தார். ஒழுங்கான வாழ்க்கையால் அவருக்கு மட்டும் நோய் வரவில்லை என்று பிற்காலத்தில் கதையே உண்டு.

இதே கெராமிகோஸில் நூறு வருடத்துக்கும் மேல் கழித்து நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜீனோ, சைப்ரஸிலிருந்து வந்த ஃபினீஷிய வியாபாரி, கப்பல் உடைந்து சரக்கை இழந்து ஏதென்ஸுக்கு வந்து, க்ராட்டெஸ் என்ற தெருத் தத்துவவாதியிடம் சேர்கிறார். கூச்ச சுபாவம். அதைப் போக்க க்ராட்டெஸ் ஒரு பானை பருப்புக் கஞ்சியைக் கொடுத்து கெராமிகோஸ் வழியாகத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்கிறார். ஜீனோ பானையை மறைத்து மறைத்துப் போக, க்ராட்டெஸ் தடியால் ஒரு போடு போட்டுப் பானையை உடைக்கிறார். கஞ்சி கால் வழியே வழிய ஜீனோ ஓடுகிறார். பின்னாலிருந்து குரல் வருகிறது, "ஏன் ஓடுகிறாய் ஃபினீஷியப் பயலே, உனக்குக் கெட்டது ஒன்றும் நடக்கவில்லையே!" ஜீனோ பிற்பாடு தொடங்கிய ஸ்டோயிக் தத்துவம் முழுக்க அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்றவர் பார்வை, பணம், நோய், சாவு எல்லாமே கால் வழியே வழிகிற கஞ்சி, உன் குணம் கெட்டால்தான் உனக்குக் கெட்டது நடந்தது.

சாயங்காலம் ஆட்ரியானு தெருவுக்குப் போனோம். ஜீனோ கி.மு. 300 வாக்கில் பாடம் நடத்திய சித்திர மண்டபம் அங்கேதான், 1981இல் கண்டுபிடித்தார்கள், வேலிக்கு வெளியே நின்று சில படிகளையும் சுவரையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் மராத்தான் போர் ஓவியம் மாட்டியிருந்த பொது மண்டபம் அது, யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம், கட்டணம் கிடையாது. பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகளின் மேஜைகள். ஜீனோ இறந்தபோது ஏதென்ஸ் அவருக்குப் பொற்கிரீடமும் கெராமிகோஸில் கல்லறையும் கொடுத்தது. வெளியூர்க்காரனுக்கு!

சனி, டிபிலான் வாசலிலிருந்து அகாதெமி வரை

நகர மதிலின் டிபிலான் வாசலிலிருந்து பிளேட்டோவின் அகாதெமி ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். பழைய பாதை இன்றைய தெருக்களுக்கு அடியில் கிடக்கிறது, மேலே மோட்டார் மெக்கானிக் ஷெட், மரக்கடை, பழைய அடுக்குமாடி வீடுகள். இந்தப் பாதையில் எங்கோதான் எபிக்யூரஸின் தோட்டம். சமோஸ் தீவில் கி.மு. 341இல் பிறந்தவர், கி.மு. 306 வாக்கில் இங்கே வந்து 80 மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பணக் கணக்கு) கொடுத்து வாங்கிய தோட்டம், பெண்களும் அடிமைகளும் உட்கார்ந்து படித்த பள்ளி. இன்று ஒரு பலகைகூட இல்லை. நாங்கள் அந்தத் தெருக்களில் மெதுவாக நடந்தோம், அவ்வளவுதான் செய்ய முடியும்.

சுகமே வாழ்க்கையின் குறி என்று சொன்னவர் என்பதால் தின்று குடித்துக் கிடந்தவர் என்று அந்தக் காலத்திலேயே அவரைத் தூற்றினார்கள். அவர் கேட்டதோ ரொட்டியும் தண்ணீரும்தான். "ஒரு சின்னப் பானைச் சீஸ் அனுப்பு, விருந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றும்போது சாப்பிடுகிறேன்" என்று நண்பருக்கு எழுதியவர். ஆசையைக் குறைத்துக்கொண்டால் அது எளிதில் தீரும், எளிதில் தீர்கிற ஆசைதான் மனசைக் கலக்காது என்பது அவர் கணக்கு. மனசைக் கலக்குகிற இரண்டு பெரிய பயங்கள் தெய்வங்களும் சாவும். சாவுக்கு அவர் சொன்ன மருந்து ரொம்பப் பேருக்குத் தெரியும்: நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, அதனால் அது நமக்கு ஒன்றுமே இல்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் அக்கா நடையை நிறுத்தினாள். "நான் இருக்கும்போது என் சாவு இல்ல, சரி. அம்மா செத்தப்போ நான் இருந்தேனே?"

இதுதான் கேள்வி. வியாழக்கிழமை கேட்ட அதே கேள்வி. என் சாவு எனக்கு ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடலாம், வாதம் வலுவானது, நான் அதை நம்புகிறேன், படித்த பிறகு ராத்திரியில் வருகிற அந்தப் பயம் எனக்கு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஆனால் நேற்றுப் பார்த்த பாட்டிக் கல்லின் மகளிடம் போய் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியுமா?

அப்புறம்தான் எபிக்யூரஸின் கடைசி நாளைச் சொன்னேன். கி.மு. 270, வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சிறுநீரகக் கல், பல நாள் வலி. இடோமெனேயஸ் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். வலி இதற்கு மேல் கூட முடியாத அளவுக்கு இருக்கிறது, ஆனால் நாம் பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் நினைக்கும்போது வருகிற சந்தோஷம் அதற்கு ஈடாக நிற்கிறது, மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். மெட்ரோடோரஸ் அவருடைய நெருங்கிய நண்பர், முன்பே செத்துப்போனவர். உயிலிலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்பாடு இருக்கிறது, மீஸ் என்ற அடிமைக்கு விடுதலை இருக்கிறது, மாதம்தோறும் 20ஆம் தேதி தோட்டத்தில் எல்லோரும் கூடி தன்னையும் மெட்ரோடோரஸையும் நினைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. செத்த நண்பர்களுக்காக ஒப்பாரி வைக்காதே, அவர்களை நினைத்து அக்கறை காட்டு என்பது அவர் வாக்கு. சாவு ஒன்றுமில்லை என்றவர், செத்தவன் ஒன்றுமில்லை என்று நினைக்கவில்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் விஷயம் பிடித்தது. வலி விஷயத்தை நம்பவில்லை. கல் வலியில் ஊசி கேட்டுக் கத்துகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். "ஆனா ஒண்ணு, பக்கத்துல பேச ஆள் இருந்தா மருந்து கம்மியாத்தான் கேப்பாங்க" என்று கொஞ்சதூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள்.

அகாதெமி இன்று ஒரு பூங்கா. பையன்கள் பந்து உதைக்கிறார்கள், மரத்தடியில் சில பழைய சுவர்கள். தத்துவம் என்பதே செத்துப் பழகுவது என்று சாக்ரடீஸ் வாயிலாகச் சொன்ன பிளேட்டோவின் பள்ளி. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பை ஒரு சிறை மாதிரி பேசுகிற அந்தக் குரலை விட, பக்கத்துத் தோட்டத்தில் சீஸ் கேட்டு எழுதியவர் எனக்கு நெருக்கம்.

ஞாயிறு, லிசியமும் பிரேயஸும்

காலையில் அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லிசியம். ரிகிலிஸ் தெருவில் புது மியூசியம் கட்டத் தோண்டியபோது 1996இல் கிடைத்த மல்யுத்தக் கூடத்தின் அடித்தளம், 2014இல் மக்களுக்குத் திறந்தார்கள். சுற்றிலும் லாவெண்டர் வாசனை. ஒன்று நல்லது என்று தெரிந்தும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறோம்? தெரிந்தால் தப்பு செய்யவே மாட்டான் என்று சாக்ரடீஸ் சொன்னார். அரிஸ்டாட்டில் அது கண்ணால் பார்ப்பதற்கு ஒத்துவரவில்லை என்றார். ஆசை பொங்கும் நேரத்தில் நம்மிடம் அறிவு இருக்கிறது, ஆனால் குடிகாரன் செய்யுள் ஒப்பிப்பது போலத்தான் இருக்கிறது என்றார். நுரையீரல் வார்டிலிருந்து வெளியே வந்து சிகரெட் பற்றவைத்த டாக்டர்களை அக்கா சொன்னாள்.

மத்தியானம் பிரேயஸில் மீன் சாப்பிட்டுவிட்டு மின்சார ரயிலில் திரும்பினோம். துறைமுகத்தையும் நகரத்தையும் இணைத்த நெடுமதில்கள் ஏறக்குறைய இந்த ரயில் போகிற வழியில்தான் ஓடின. பிளேட்டோ சொல்கிற லியோன்டியஸ் கதை நடந்ததும் இங்கே. அவன் பிரேயஸிலிருந்து வடக்கு மதிலின் ஓரமாக ஏறி வருகிறான், கொலைத் தண்டனை நிறைவேற்றுபவனின் பக்கத்தில் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசை, பார்க்கவும் அருவருப்பு. முகத்தை மூடிக்கொண்டு தன்னோடு சண்டை போடுகிறான். கடைசியில் தோற்று, கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓடிப்போய், "பாருங்கள், சனியன்களே, இந்த அழகான காட்சியை வயிறு முட்டப் பாருங்கள்!" என்று தன் கண்களையே திட்டுகிறான். ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பையன் போனில் விபத்து வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

திங்கள், பஸ்ஸில்

ஏதென்ஸிலிருந்து வடமேற்கே கடற்கரை ஊரான பிரெவெஸாவுக்கு அரை நாள் பஸ் பயணம். கொரிந்து தாண்டும்போது டயோஜெனிஸ் என்ற தெருத் தத்துவவாதியை நினைத்தேன், இங்கேதான் செத்தார் என்பார்கள். என்னைப் புதைக்காமல் வெளியே எறியுங்கள் என்றாராம். நாய் நரி தின்னுமே என்று கேட்டார்கள். பக்கத்தில் ஒரு தடியை வையுங்கள், விரட்டிக்கொள்கிறேன். செத்த பிறகு உமக்கு எப்படித் தெரியும்? தெரியாதென்றால் தின்றால்தான் என்ன? ரியோவில் 2004இல் திறந்த அந்தப் பெரிய பாலத்தைக் கடந்தோம், 2,880 மீட்டர். அக்கா தூங்கிவிட்டாள்.

செவ்வாய், அக்கெரான்

தத்துவவாதிகள் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமானால் இங்கே வர வேண்டும். அக்கெரான், செத்தவர்கள் கடக்கிற ஆறு. மெசோபொட்டமோஸ் கிராமத்துக் குன்றின் மேல் ஒரு பழைய கட்டடம், அதன் மேலேயே ஒரு தேவாலயம், கீழே இரும்புப் படியில் இறங்கினால் வளைவு வளைவாகக் கல் தாங்கிய இருட்டு நிலவறை. 1958இல் தோண்ட ஆரம்பித்த டாகாரிஸ், இதுதான் செத்தவர்களிடம் குறி கேட்கிற ஆலயம் என்றார். கிடைத்த இரும்புச் சாமான்கள் கவண் எந்திரத்தின் பாகங்கள், இது அரண் கட்டிய பண்ணைவீடு என்று பிறகு மறுத்தார்கள். எனக்கு இரண்டாவது வாதம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் செத்தவர்களைக் கேட்கிற இடம் ஒன்று இந்த ஆற்றங்கரையில் இருந்ததை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதுகிறார். கொரிந்து ஆண்ட பெரியாண்டர் செத்த மனைவி மெலிஸ்ஸாவிடம் கேட்க இங்கே ஆள் அனுப்ப, அவள் ஆவி வந்து, எனக்குக் குளிருகிறது, உடுப்பு எதுவும் இல்லை, என்னோடு புதைத்த துணிகளை எரிக்காததால் எனக்குப் பயன்படவில்லை என்றதாம்.

குளிரில் நிற்கிற ஆவிகள். சாவு என்றால் அதுதான் அவர்கள் மனசில். ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ் பாதாளத்துக்குப் போகும்போது, செத்துப்போன மாவீரன் அகிலீஸ் சொல்கிறான், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, பூமியில் நிலமில்லாத ஒரு ஏழையிடம் கூலிக்கு இருப்பேன் என்று. பிளேட்டோ தன் கனவு நகரத்தில் முதலில் அடித்துவிடச் சொன்ன வரிகளில் இது ஒன்று, படைவீரன் இதைக் கேட்டு வளர்ந்தால் சாவுக்குப் பயப்படுவான் என்று. எனக்கு அடிக்கத் தோன்றவில்லை. அதே இடத்தில் ஒடிசியஸ் தன் அம்மாவைப் பார்க்கிறான். மூன்று முறை கட்டிப்பிடிக்கப் போகிறான், மூன்று முறையும் அவள் நிழலாகக் கைகளிலிருந்து நழுவுகிறாள். உன்மேல் இருந்த ஏக்கத்தால்தான் செத்தேன் என்கிறாள். இதை அக்காவிடம் முழுக்கச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை, போனில் எடுத்துப் படிக்கக் கொடுத்தேன்.

அந்தக் காலத்து ஏரியை வற்றவைத்து இப்போது வயல்களாக்கியிருக்கிறார்கள். கிளிக்கி என்ற இடத்தில் ஆற்றில் முழங்கால்வரை இறங்கினோம், தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது.

புதன், நிகோபொலிஸ்

கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோனியையும் கிளியோபாட்ராவையும் வென்ற ஆக்டேவியன், வெற்றியின் நினைவாகக் கட்டிய நகரம். பிரெவெஸாவிலிருந்து டாக்ஸியில் கொஞ்ச நேரம். பெரிய மதில்கள், ஒரு ஓடியன் அரங்கம், வெற்றி நினைவுச் சின்னத்தில் எதிரிக் கப்பல்களின் வெண்கல முனைகளைச் செருகிய குழிகள்.

நாங்கள் வந்தது அதற்கு இல்லை. இன்றைய துருக்கியில் இருந்த ஃப்ரிஜியாவில் அடிமையாகப் பிறந்து, ரோமில் வளர்ந்து, விடுதலை பெற்று, ரோமப் பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டியபோது இங்கே வந்து பள்ளி நடத்திய கால் ஊனமுற்ற ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸுக்காக வந்தோம். அவர் எழுதவில்லை, மாணவர் அரியன் எழுதிவைத்தார். எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் பாடம். அவருடைய இரும்பு விளக்கைத் திருடன் கொண்டுபோனபோது, நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னவர்.

ஆனால் அவருடைய ஒரு வாக்கு கொடூரமானது என்று பலர் சொல்வார்கள். பானையை விரும்பினால் இது பானை என்று சொல்லிக்கொள், குழந்தையை முத்தமிடும்போது சாகக்கூடிய ஒன்றை முத்தமிடுகிறேன் என்று சொல்லிக்கொள். ஓடியனின் படியில் உட்கார்ந்து இதைச் சொன்னதும் அக்கா முகம் சுளித்தாள். எந்தத் தாயிடமும் இதைச் சொல்லாதே என்றாள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தனியாகவே வாழ்ந்து, வயதான பிறகு, ஒரு நண்பர் வளர்க்க வழியில்லாமல் வெளியே போட்டுவிட இருந்த குழந்தையை எடுத்து, அதை வளர்க்க ஒரு பெண்ணையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார் என்று பிற்கால உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் எழுதியிருக்கிறார். பானை வாக்கை அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. கைவிட்டுவிடு என்று இல்லை, இருக்கும்போதே நன்றாகப் பார்த்துக்கொள் என்று கேட்கிறது.

அதைவிட முக்கியமான ஒரு உரையாடல் அரியனின் குறிப்புகளில் இருக்கிறது. ஒரு அதிகாரி அவரைப் பார்க்க வருகிறார். பிள்ளைகள் உண்டா, குடும்பம் எப்படி என்று பேச்சு போகிறது. என் மகளுக்கு உடம்பு மோசமானபோது என்னால் பக்கத்தில் இருக்க முடியவில்லை, வெளியே ஓடிவிட்டேன், சரியாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் திரும்பினேன் என்கிறார் அவர். பாசம் தாங்க முடியவில்லை என்கிறார். எபிக்டெட்டஸ் திட்டவில்லை. கேட்கிறார். அவள் அம்மாவுக்குப் பாசம் இல்லையா? அப்போது அம்மாவும் ஓடியிருக்க வேண்டுமா? தாதி? அவளும் ஓடியிருந்தால் அவ்வளவு பாசமான வீட்டில் குழந்தை தனியாகக் கிடந்து, பாசமே இல்லாத யாரோ கையில் செத்திருக்குமா? உனக்கு நோய் வந்தால் உன்மேல் இப்படித்தான் பாசம் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவாயா, எல்லோரும் உன்னைத் தனியாக விட்டுப்போகிற அளவுக்கு?

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "இதை ஏண்டா நீ முதல் நாளே சொல்லல?" வார்டுக்குக் கீழே டீக்கடையில் மூணு நாள் நின்ற அப்பாக்களை, மேலே வராமல் போனில் மட்டும் விசாரிக்கிற மகன்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். அவர்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்ததாகவும், அப்படி இல்லை, பயந்தவர்கள், படுக்கை பக்கத்தில் உட்கார யாரும் அவர்களைப் பழக்கவில்லை என்றும் சொன்னாள். அம்மாவின் கடைசி வாரத்தில் அவள்தான் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல். அழுதால் அம்மா பயப்படுவாள் என்று. ஜீனோவும் எபிக்யூரஸும் பள்ளி நடத்திச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான் என்று நான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் தங்களுக்காகச் செய்தார்கள், நான் அம்மாவுக்காகச் செய்தேன் என்றாள். மதில் ஓரமாக வெளி வாசல் வரைக்கும் இதையே பேசிக்கொண்டு போனோம், டாக்ஸியிலும் விடவில்லை. பழைய வார்டில் புதிதாகச் சேர்கிற நர்ஸ்களுக்கு அவள் மாதம் ஒருமுறை வகுப்பு எடுக்கிறாள், அந்த அதிகாரியின் கதையைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். இன்று ராத்திரி அதை எழுத உட்காருகிறேன்.